அரம் வழுக்கிய கத்தி

நான் ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருவரும் கொல்லர்கள். மாமனார் செத்ததும் இருந்த ஒரே பட்டறைக்கு நடுவில் மண்சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். மார்பளவுச் சுவர். இந்தப் பக்கம் நான் துருத்தி போடுவது அந்தப் பக்கம் தெரியும். அந்தப் பக்கம் அண்ணன்காரர், என் மூத்தார், காறித் துப்புவது இந்தப் பக்கம் வந்து விழும். காலையில் உலை மூட்டுவதற்கு முன்னால் அவர் செய்கிற முதல் வேலை அதுதான். அதைச் சாணி போட்டு மெழுகுவது என் முதல் வேலை.

மாமனார் தான் அடித்த கத்தியிலெல்லாம் சின்னதாக ஒரு சூரியனைப் பொறிப்பார். அந்த அச்சு என் வீட்டுக்காரர் பங்குக்கு வந்தது. மூத்தார் அதே மாதிரி இன்னொன்று வெட்டிக்கொண்டார். ஆகவே இரண்டு பட்டறைக் கத்திகளிலும் ஒரே சூரியன்.

எங்கள் பிழைப்பே தோல் பதனிடுகிற ஷாப்புக்கு அடிக்கிற கத்திதான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைச் சாய்வான மரக்கட்டையில் விரித்துப்போட்டு, உள்பக்கத்துச் சதையையும் சவ்வையும் வழித்தெடுப்பார்கள். இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த வளைந்த கத்தி அது. ஆள் தன் உடம்பு பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டுத் தள்ளுவான். கணியம்பாடியில் என் அப்பா ஏர்க்கொழு அடித்தவர். கொழு வளைந்தால் தட்டி நிமிர்த்துவார், அவ்வளவுதான். அதனால் இரும்பென்றால் எல்லாம் ஒரே இரும்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை தோல் ஷாப்பு மேஸ்திரி கத்தி வாங்க வந்தார். ஷாப்பு முதலாளி சாயபு நம்பிக்கையாக வைத்திருந்த ஆள். அவர் எங்கள் வாசலில் நிற்கும்போதே மூத்தார் தெருவில் இறங்கி வந்து, அவர் கையிலிருந்த எங்கள் கத்தியைப் பிடுங்கி, அரத்தை வைத்து அதன் விளிம்பில் ஒரு இழு இழுத்தார். பொடி உதிர்ந்தது.

"பாருங்க மேஸ்திரி, அரம் எப்டி கடிக்குதுன்னு. இது கத்தியா, வாழமட்டையா?" என்றார். பிறகு தன் கத்தியை எடுத்து ராவினார். அரம் கிறீச்சிட்டு வழுக்கிக்கொண்டு போனது. கத்தியில் ஒரு கீறல்கூட இல்லை. "அரமே ஏறல. இதான் எஃகு. இன்னொண்ணு எதுக்கு உங்களுக்கு?"

தெருவே பார்த்தது. மேஸ்திரி எங்கள் கத்தியைத் திண்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு அண்ணன்காரர் செய்ததைவிட எரிச்சலாக இருந்தது.

"அவரு கத்தி கெட்டியா இருக்குது, உங்களுது ஏன் இல்ல? நீங்களும் அப்டி அடிக்கறதுதானே?" என்று கேட்டேன்.

அவர் ஒரே எஃகுக் கம்பியை மூன்று துண்டாக வெட்டினார். மூன்றையும் சிவக்கக் காய்ச்சினார். ஒன்றைச் சாம்பலில் புதைத்தார். மற்ற இரண்டையும் தண்ணீரில் தோய்த்தார். தோய்த்ததில் ஒன்றை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கித் தணலுக்கு மேலே காட்டி, அது வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்தார். எல்லாம் ஆறியபின் அவற்றை என் காலடியில் எறிந்தார். "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் அரத்தையும் சுத்தியலையும் எடுத்து உட்கார்ந்தேன். சாம்பலில் ஆறியதில் அரம் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. சுத்தியலால் தட்டினால் வளைந்தது. தண்ணீரில் தோய்த்ததோடு விட்டதில் அரம் வழுக்கியது, மூத்தார் கத்தியில் வழுக்கியது போலவே. அதைப் பட்டடைக் கல்லில் வைத்து ஒரே ஒரு அடி அடித்தேன். கண்ணாடி வளையல் மாதிரி படாரென்று இரண்டாகிப் போனது. ஒரு துணுக்கு என் முழங்கையை உரசிக்கொண்டு பறந்தது. மூன்றாவதில் அரம் பட்டும் படாமலும் கொஞ்சம் பிடித்தது. எவ்வளவு அடித்தும் அது உடையவில்லை. வளைந்து மறுபடி நிமிர்ந்தது.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். "அப்போ அவரு தணல்ல வாட்டறதே இல்லியா?"

"வாட்டினா கெட்டி கம்மியாவும். அரம் கொஞ்சம் ஏறும். அப்புறம் தெருவுல நின்னு எப்டி வித்த காட்டறது? கீறல் விழாம இருக்கறது வேற, ஒடையாம இருக்கறது வேற. அவனுக்கும் தெரியும்."

"அத மேஸ்திரிகிட்ட போய் சொல்றதுதானே?"

"எங்கப்பன் சூரியன் போட்ட கத்தி ஒடையும்னு என் வாயால சொல்லச் சொல்றியா?" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

நானும் சொல்லவில்லை. மூத்தாரோடு நேருக்கு நேர் பேசுவதே எங்களில் வழக்கமில்லை. ஆனால் அந்தக் கத்தி உடைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். தோல் கிழிய வேண்டும், சாயபு கத்த வேண்டும், மேஸ்திரி அதே தெருவில் நின்று மூத்தாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். துருத்தி போடும்போதெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில் உடைந்தது. தோலில் எலும்புத் துண்டு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததாம். கத்தி அதன்மேல் ஏறியதும் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து தோலுக்குள்ளேயே தைத்து நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சீவிக்கொண்டிருந்தவர் தோலின் சுருக்கத்தை நீவிவிட வெறுங்கையை அழுத்தி இழுத்தார். உள்ளங்கை வாயைப் பிளந்துகொண்டது. வெட்டுக்குள் சுண்ணாம்பு வேறு. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள்.

அன்று மத்தியானமே மேஸ்திரி ஆட்களோடு எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் உடைந்த கத்தி. யாரும் கேட்பதற்கு முன்னால் மூத்தார் சொன்னார். "தம்பி கத்தி அது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"ஷாப்புல ரெண்டு பேரு பழைய கத்தியும் கெடக்குது, ரெண்டுலயும் சூரியன்தான் போட்டிருக்குது. நான் எத கண்டேன்?" என்றார் மேஸ்திரி.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் சுவரில் மாட்டியிருந்த அரத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

"அத இப்டி குடுங்க மேஸ்திரி."

உடைந்த கத்தியை இடுக்கியால் பிடித்து, எல்லாரும் பார்க்க ராவினேன். அரம் கிறீச்சிட்டு வழுக்கியது. மறுபடியும் ராவினேன். வழுக்கியது. பிறகு எங்கள் பட்டறைக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து ராவினேன். அரம் கடித்தது, பொடி உதிர்ந்தது.

"மாமா, எங்க கத்தியில அரம் ஏறும்னு நீங்கதானே ராவிக் காட்டினீங்க? இதுல ஏற மாட்டேங்குதே. இது யாரு கத்தி?"

நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். கடைசிப் பேச்சும் அதுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். "பொம்பளைய முன்ன வுட்டுட்டு பின்னால நிக்கறியாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மேஸ்திரி உடைந்த கத்தியை வாங்கி ஆளிடம் கொடுத்தார். "எனக்கு உங்க ரெண்டு பேர் கத்தியும் வேணா. பட்ணத்துலேர்ந்து வரவெச்சுக்கறோம்" என்றார். அப்படியே செய்தார்கள். அதன்பிறகு இரண்டு பட்டறைக்கும் வண்டிப்பட்டையும் ஏர்க்கொழுவும்தான் வேலை.

"ஜெயிச்சிட்டேன்னு நெனச்சுக்காத" என்றார் என் வீட்டுக்காரர். "தெருவுல வெச்சு எங்கண்ணன் மானத்த வாங்கிட்ட."

"உங்க மானம் போனப்போ எங்க போயிருந்தாரு உங்கண்ணன்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடை முழுக்க என்னோடு பேசவில்லை. நான் வட்டிலில் போட்டதைச் சுவரைப் பார்த்துத் தின்றுவிட்டு எழுந்து போவார். நானும் இறங்கி வரவில்லை. மூத்தார் மண்சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்திவிட்டார். காற்று அடைபட்டுப்போய் எங்கள் உலைப் புகை எங்கள் கண்ணிலேயே அடித்தது.

கை அறுபட்டவரை ஆடி மாதத்தில் சந்தையில் பார்த்தேன். புளி விற்கிறவளிடம் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் விறைத்து நின்றன. அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கிட்டே போனேன்.

"அது எங்க பட்டறைக் கத்தி இல்லீங்க. எல்லார் எதிர்லயும் ராவிக் காட்டிட்டேன்."

"கேள்விப்பட்டேன்" என்றார். "அரம் ஏறாத கத்தி ஒடையும்னு உங்களுக்கு எப்போ தெரியும்? என் கை போனப்புறமா, அதுக்கு முன்னயா?"

நான் புளிக்கூடையைப் பார்த்தேன்.

"முன்னயே தெரியும் இல்ல? உன் புருஷனுக்கும் தெரியும். தோல் ஷாப்பு எவ்ளோ தூரம்? யாராவது ஒருத்தர் வந்து ஒரு வார்த்த சொன்னீங்களா? இப்போ வந்து எங்க கத்தி இல்லன்றே."

புளியை இடது கையால் துண்டில் முடிந்துகொண்டார். முடிச்சு சரியாக விழவில்லை. நான் உதவிக்குக் கை நீட்டினேன். "வுடு" என்று துண்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அதன்பிறகு சந்தையில் என்னைக் கண்டால் அவர் வேறு சந்தில் திரும்பிவிடுவார். நானும் கூப்பிட்டதில்லை.