ஞாயிற்றுக்கிழமை மௌனம்

மன நிம்மதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் குமட்டும். ஒரு காலத்தில் அதைத் தேடி அலைந்தவன் நான்தான் என்பதால் இன்னும் கூடுதலாக.

எண்பதுகளின் தொடக்கம். ஒத்தக்கடையில் வாடகை வீடு, மதுரையில் குமாஸ்தா வேலை. ஆபீஸில் நாள் முழுக்கப் புறணி, இளிப்பு, மேலதிகாரியிடம் குழைவு. நானும் குழைந்தேன். வீட்டுக்கு வந்தால் என் மேலேயே அந்த நாற்றம் அடிக்கும். ஞாயிறுதோறும் மௌன விரதம் இருந்தால் மனம் அடங்கும், ஒன்றுகூடத் தவறாமல் பன்னிரண்டு வாரம் இருக்கவேண்டும் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.

விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை பேச்சில்லை. ஆனால் காபி வேண்டும், வெந்நீர் வேண்டும், உப்பில்லாத சோறு வேண்டும். எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதி மனைவியிடம் நீட்டுவேன். வாயை மூடிக்கொண்டு அதிகாரம் செய்வதற்குத் தவம் என்று பெயர் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் எனக்காக ரேடியோவைக் குறைத்து வைத்தார்கள். அதில் உள்ளூரப் பெருமை வேறு.

ஒன்பதாவது ஞாயிறு காலை, கொட்டாம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர், என் மாமனாருக்கு மூச்சு இழுக்கிறது, மகளைக் கேட்கிறார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். மனைவி சேலையை மாற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“வாங்க, போவோம். இல்லாட்டி நான் மட்டுமாச்சும் முன்னால போறேன்.”

புருஷன் சரி என்று சொல்லாமல் படியிறங்கும் வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. எனக்கோ, அங்கே போனால் நாலு பேரிடம் பேசித்தான் ஆகவேண்டும், இதுவரை இருந்த எட்டு வாரமும் பாழ் என்ற பயம். அவளை மட்டும் அனுப்பினால் விரதச் சோற்றை யார் வடிப்பார்கள் என்றும் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. ‘நாலு மணிக்குப் போகலாம்’ என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். நான் சம்மணமிட்டுக் கண்ணை மூடினேன். அன்றைக்கு மனம் நன்றாகவே அடங்கியது. அதை நினைத்தால்தான் என் மேல் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

பஸ்ஸில் டிக்கெட் கேட்டு வாங்கியதும் அவள்தான். மேலூரில் பஸ் மாறி, கொட்டாம்பட்டியில் இறங்கி வயல் வழியே நடந்து வீட்டை நெருங்கியபோது பொழுது அடைந்துவிட்டது. விரதம் குறைவில்லாமல் முடிந்தது.

மாமனார் கட்டிலில் கண் திறந்தபடி கிடந்தார். உயிர் இருந்தது, பேச்சு நின்றிருந்தது. மத்தியானம் வரை மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாராம். இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். அவருக்கு அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

அவளுடைய அண்ணன் என் பக்கம் திரும்பினார். “என்ன மாப்ள, காலையிலயே சொல்லிவிட்டோமே. ஏன் இம்புட்டு நேரம்?”

காலையிலிருந்து மூடி வைத்திருந்த வாயைத் திறந்தேன். “பஸ்ஸே கிடைக்கல மச்சான்” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம், “ஆமாண்ணே, பஸ்ஸு இல்ல” என்றாள்.