ஆட்டுப் பண்ணைக்கு ஒரு குட்டை ரைஃபிள்

குட்டையான துப்பாக்கி என்றால் சாதுவான துப்பாக்கி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சின்னக் கார் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும், சின்ன நாய் குறைவாகக் கடிக்கும் என்று கணக்குப் போடுகிற அதே மூளை. குழல் குட்டையானால் சத்தம் கூடும், எடை குறைந்தால் தோளில் விழும் உதை கூடும் என்பதெல்லாம் காசு கொடுத்த பிறகு தெரிந்துகொண்டது.

ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவன் நான். வேலை போனதும் ஹூஸ்டனுக்கு வெளியே நிலம் வாங்கி, மனைவி ரஸியாவோடு ஆடு வளர்க்க ஆரம்பித்தேன். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கும் சில ஹலால் கடைகளுக்கு எங்கள் பண்ணை ஆடுகள்தான் போகின்றன. ஐ.டி.யை உதறிவிட்டுப் பண்ணை வைக்க ஆசைப்படும் தம்பிகள் அடிக்கடி போன் செய்வார்கள். தீவனம், தடுப்பூசி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, என்ன கன் வாங்கலாம்?" என்பார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வாங்கியது நல்ல ரைஃபிள்தான். பண்ணையில் அதை எடுத்து முதன்முதலாக நான் குறிபார்த்தது என் மனைவியை.

கடையில்

குட்டி போடும் பருவத்தில் கயோட்டிகள் வந்தன. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு சைஸ். வேலிக்கு அடியில் தோண்டி உள்ளே வந்து, பிறந்து ஈரம் காயாத குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயின. தாய் ஆடுகள் வேலியோரம் நின்று கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ரஸியாவால் சாப்பிட முடியவில்லை. "ஏதாவது பண்ணுங்க" என்றாள். கடைக்குப் போனோம்.

கடைக்காரர் டேல் வயதானவர். எதையும் விற்றாக வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எவ்வளவு தூரத்துல சுடப்போறீங்க?"

"நான் ஓட ஆரம்பிக்காத தூரத்துல" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் கைகாட்டியது ஃபார்ட்டி ஃபைவ் செவன்ட்டி என்ற பெரிய தோட்டா போடும் ரைஃபிள். தோட்டா ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன். டேல் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது கயோட்டியத் தாண்டி, பின்னாடி நிக்கிற ஆட்டையும் தாண்டிப் போகும். பரவாயில்லையா?" என்றார்.

"நீங்க டைனோசருக்குப் பாக்குறீங்க, நமக்கு வர்றது கயோட்டி" என்றாள் ரஸியா. "ஒரு கையில இதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கேட்டைத் திறக்க முடியணும். டிரக்ல இருந்து சிக்காம வெளிய வரணும். எனக்கும் தோள்ல உக்காரணும். நானும் அந்தப் பண்ணையிலதானே இருக்கேன்?"

கடைசியில் த்ரீ ஃபிஃப்டி செவன் என்ற அதைவிடச் சின்னத் தோட்டாவில், பதினாறு இஞ்ச் குழலோடு ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளை எடுத்தோம். ட்ரிகரைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு லீவர் இருக்கும். கீழே தள்ளினால் துப்பாக்கிக்குள் ஏறியிருக்கும் தோட்டா வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். பேட்டரி, ஸ்க்ரீன் எதுவும் கிடையாது. டெஸ்டிங்காரனுக்குப் பிடித்துப்போயிற்று.

கிரீன் கார்டுக்காகத் தலை நரைக்கக் காத்திருந்தவன் நான். துப்பாக்கிக்கான சரிபார்ப்பு என் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. துப்பாக்கி ரேஞ்சுக்குப் போய் இரண்டு பேரும் பழகினோம். காகிதத்தில் நான் நன்றாகவே சுட்டேன். காகிதம் கத்தாது, அசையாது.

வேலியோரம்

அன்று விடிகாலை ஃபஜர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மூடுபனி. திடீரென்று ஓர் ஆடு அலறியது. கழுத்தை நெரித்தால் வரும் சத்தம் அது. கிச்சனில் விளக்கு எரிந்ததால் ரஸியா உள்ளே இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து ரைஃபிளை எடுத்து, தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வலது காலில் ஷூ, இடது காலில் ரஸியாவின் பாத்ரூம் செருப்பு.

வேலியோரம் கறுப்பாக ஓர் உருவம் குனிந்து, ஆட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கயோட்டியைவிடப் பெரிது, அதனால் காட்டுப்பன்றி என்று முடிவு செய்தேன். பன்றி எதற்காக ஆட்டின் கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலையில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் என்னை இன்னும் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சுட்டேன். லீவரை இழுத்தேன். மறுபடி சுட்டேன். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று தெரியும்வரை சுட்டேன்.

உருவம் விழவில்லை. நிமிர்ந்து நின்றது. என் பழைய கறுப்பு ஜாக்கெட். அதற்கு மேலே ரஸியாவின் முக்காடு.

"அங்க நின்னு என்னங்க பண்றீங்க? இவ கொம்பு வேலியில மாட்டிக்கிச்சு. கட்டரை எடுத்துட்டு வாங்க."

புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரஸியா, எங்க பட்டுச்சு?"

"என்னது பட்டுச்சு?"

"ரத்தம் வருதா பாரு."

"கம்பி கீறினது கொஞ்சம். ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கீங்க? சுகர் லோ ஆயிடுச்சா?"

"சுட்டுட்டேன். உன்னச் சுட்டுட்டேன்."

"எப்போ?" என்றாள்.

பிறகுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஆட்டை விட்டுவிட்டு வந்தாள். ரைஃபிளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்து, குழலை வயல் பக்கம் திருப்பி, லீவரைத் திறந்து உள்ளே பார்த்தாள். காலியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டக்கு டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நீங்க கேட்டை ஆட்டுறீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அப்புறம், "ஒரு தடவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்ல? பதில் சொல்லியிருப்பேனே" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தம்பிகளே, எந்த ரைஃபிள் என்று கேட்டால் இன்றைக்கும் அதே ரைஃபிளைத்தான் சொல்வேன். ஆனால் கயோட்டியைத் தடுப்பது இப்போது இரண்டு பெரிய காவல் நாய்களும் அடிப்பகுதியை மண்ணில் ஆழமாகப் புதைத்த வேலியும்தான். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் எங்கே என்று பதில் குரல் கேட்காமல் பெட்டியை நான் திறப்பதில்லை. எதிரே நிற்பது எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று சந்தேகமில்லாமல் தெரியாதவரை ரைஃபிளைத் தோளுக்கு உயர்த்துவதில்லை. வாங்குவதற்கு முன் பழக வேண்டியது இவ்வளவுதான். நான் வாங்கிய பிறகு பழகினேன்.

பனி விலகியதும் நான் நின்ற இடத்தில் இரண்டு பேரும் தேடினோம். தோட்டாக்கள் எல்லாம் புல்லில் கிடந்தன, முழுசு முழுசாக. சுட்டிருந்தால் தோட்டாவின் அடியில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருக்கும்; எதிலும் இல்லை. பயத்தில் லீவரை மட்டும் மாற்றி மாற்றித் தள்ளி இழுத்து, சுடாத தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தெறிக்க விட்டிருக்கிறேன். ட்ரிகரை ஒரு தடவைகூட நான் இழுக்கவில்லை.