ஃபாயிஸா அளந்த சாலைகள்

என் மனைவி ஃபாயிஸாவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்குப் போய், தெருவில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துவிட்டு வருவாள். "வடிகால் வைக்காமலே ரோடு போட்டிருக்காங்க, ரெண்டு வருஷம் தாங்காது" என்று பக்கத்தில் சாப்பிடுகிறவளிடம் சொல்வாள். அந்தப் பெண் மணப்பெண்ணின் நெக்லஸைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்திருப்பாள், பாவம்.

அவள் திண்டுக்கல்லில் ஒரு சாலைப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். நான், ஹஸ்ஸான், தோல் வியாபாரி. பேகம்பூரில் வீடு. சாணார்பட்டி, செம்பட்டிப் பக்கத்துக் கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டுக் கட்டி, தோல் பதனிடுகிற இடத்தில் கொண்டுபோய் இறக்குவேன். அதற்கென்று ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. அதில் ஒருமுறை ஏறியவர்கள் மறுமுறை ஏறுவதற்கு முன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், மேல்படிப்பில் சேரப்போவதாகச் சொன்னாள். வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்காக மதுரையில் ஒரு கல்லூரி நடத்துகிற முதுநிலைப் படிப்பு. சனி, ஞாயிறு வகுப்பு. சாலைகளைப் பராமரிப்பதும், ஒரு வட்டாரத்துச் சாலைகளை எல்லாம் சேர்த்து வைத்து நிர்வகிப்பதும்தான் பாடமாம்.

"ரோடு போடப் படிக்கிறாங்க, சரி. போட்ட ரோட்டை வச்சுக்கிறதுக்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டேன்.

"உங்க வேனுக்கு எப்ப ஆயில் மாத்துவீங்க? எஞ்சின் போனப்புறமா?"

நான் டீயைக் குடித்தேன். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

படிப்பையும் அவள் உட்கார்ந்து படிக்கவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் புத்தகத்தோடு நடந்துகொண்டே இருப்பாள். பால் பொங்கி வழியும், புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு ஓடுவாள். என் அம்மா ஜெய்தூன் பீவி, "ஞாயித்துக்கிழமையாச்சும் இந்தப் புள்ள செத்த நேரம் வீட்டுல கெடக்குதா பாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அது சுவருக்குச் சொன்னது இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

படிப்பு முடிய ஓர் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். ஃபாயிஸா நாற்பத்தோரு கிளைச்சாலைகளை எடுத்துக்கொண்டாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒவ்வொன்றின் நிலையையும் பார்த்து மதிப்பெண் போட்டு, எதை இந்த வருடம் செப்பனிடுவது, எதை எத்தனை வருடம் காக்கவைப்பது என்று வரிசைப்படுத்த வேண்டும். அவளுடைய மேலதிகாரிக்கு இது பிடித்துப்போய்விட்டது. "முப்பதாம் தேதிக்குள்ள லிஸ்ட்டைக் குடுங்கம்மா, இந்த வருஷ வேலையை அதை வச்சே போட்டுருவோம்" என்றார். கல்லூரியில் அறிக்கை கொடுக்கவும் அதுதான் கடைசித் தேதி. ஆக, அவள் போடுகிற வரிசைப்படிதான் எந்த ஊருக்குத் தார் போகும், எந்த ஊருக்குப் போகாது என்று ஆகிவிட்டது.

ரோட்டின் குலுக்கலை அளக்கத் தனி வண்டியே இருக்கிறதாம். எங்களிடம் இருந்தது என் ஆம்னி. கண்ணாடிக்குக் கீழே ஒரு போனைப் பொருத்தி ஒரே வேகத்தில் ஓட்டினால், ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் எவ்வளவு குலுக்கல் என்று அதில் உள்ள செயலி பதிந்துகொள்ளும். நான் ஓட்டுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிலோமீட்டர் கல்லையும், குழி, வெடிப்பு, கரைந்த ஓரம் எல்லாவற்றையும் நோட்டில் குறிப்பாள். "இந்தப் பக்கத்து ரோடெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். உங்கள விட்டா எனக்கு டிரைவர் ஏது?" என்று வேறு சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் ஓட்டினேன்.

இருபதாம் தேதி காலையில் பட்டியலை அச்செடுத்து என் முன்னால் போட்டாள். முகத்தில் களை இல்லை. ஒரு வாரமாகவே சோறு இறங்காமல் அலைந்துகொண்டிருந்தாள். நான் மேலிருந்து கீழே படித்தேன். சாணார்பட்டியிலிருந்து உள்ளே போகிற எட்டு கிலோமீட்டர் ரோடு, நல்ல ரோடுகளில் நாலாவது என்று இருந்தது. ஐந்து வருடத்துக்குத் தொட வேண்டியதில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"அந்த ரோடா? நான் வாரப்ப தோல் கட்டெல்லாம் எந்திரிச்சு ஆட்டம் போடும். அங்க தக்காளி போடுற சின்னக்கண்ணு இருக்காருல்ல, அவரு அடிப்பெட்டி பூராம் மார்க்கெட்டுக்குச் சாறாத்தான் வருதுங்கிறாரு."

அவள் சிரிக்கவில்லை. "என் நோட்டுலயும் நூத்திப்பத்து குழி இருக்கு. ஆனா குலுக்கல் இல்ல. குழி இருந்து குலுக்கல் இல்லாம எப்படிங்க?"

"போன் ரிப்பேரா இருக்கும்."

"தொப்பம்பட்டிப் பக்கம் போனப்ப நல்லாத்தான காட்டுச்சு? செருப்ப மாட்டுங்க, போவோம்."

போனோம். இந்தத் தடவை அவள் நோட்டைத் திறக்கவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எட்டாவது கல்லில் நிறுத்தியதும், "அறுபத்து மூணு" என்றாள்.

"என்னது?"

"அறுபத்து மூணு தடவை ஸ்டீயரிங்கத் திருப்பிட்டீங்க. ஒரு குழியிலகூட டயர் எறங்கல."

எனக்கே அது தெரியாது. இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற எவன்தான் குழிக்கு விலகாமல் போகிறான்? அதை யாராவது எண்ணுவார்களா? ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. எனக்கு மனப்பாடமான ரோடெல்லாம் போனில் நல்ல ரோடாகப் பதிந்திருக்கிறது. தொப்பம்பட்டிப் பக்கம் நான் அதுவரை போனதே இல்லை. குழியைக் கண்டு கை திரும்புவதற்குள் டயர் இறங்கிவிட்டது. அதனால் அவையெல்லாம் மோசமான ரோடு. இரண்டு வருடம் படித்து அவள் போட்ட பட்டியல், எந்த ரோடு ஹஸ்ஸானுக்குப் பழக்கம் என்கிற பட்டியலாக வந்து நின்றது.

"திரும்பிப் போகையில நேரா ஓட்டுங்க" என்றாள்.

நேராகத்தான் ஓட்ட நினைத்தேன். மூன்றாவது குழியில் கை தானாகத் திரும்பியது. மறுபடி முயன்றேன். மறுபடியும் திரும்பியது. அவளுக்குக் கோபம் வந்து, சின்னக்கண்ணு தோட்டத்துப் பக்கம் இறங்கிக்கொண்டாள். "நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

தனியாகப் போனேன். எந்தச் சிரமமும் இல்லை. ஒவ்வொரு குழியிலும் தடதடவென்று இறக்கி ஏற்றிக்கொண்டு போய் வந்தேன். போனை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். அதே ரோடு இப்போது மோசமான ரோடுகளில் மூன்றாவது.

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "தனியாப் போனா வண்டி நேராப் போகுது. நான் உட்கார்ந்தா கை திரும்புது. ஏன்?"

"பக்கத்துல ஆள் இருந்தா அப்படித்தான்."

"போன வாரம் யாசின் அண்ணன ஏத்திட்டு வந்தீங்களே, அது மண்டை வீங்கியில்ல எறங்குச்சு?"

யாசின் அவளுடைய அண்ணன்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவள் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அப்போதும் வேலை நடக்கிற இடங்களுக்கு ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கரு கலைந்துவிட்டது. வண்டியில் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, குழந்தையின் வளர்ச்சியிலேயே கோளாறு என்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். என் அம்மா கேட்கவில்லை. "ரோடு ரோடுன்னு குழியில ஏறி எறங்கித்தான் புள்ளையத் தொலைச்சா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதைவிடப் பெரிய ஓர் அயோக்கியத்தனத்தை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

"மாமி சொன்னத நீங்களும் நம்புறீங்க" என்றாள் ஃபாயிஸா. அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் மேலதிகாரிக்குப் போன் செய்து, அளந்தது தப்பு, திரும்ப அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முப்பதாம் தேதிக்குள் முடிந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் வழக்கப்படி நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றார் அவர். வழக்கப்படி என்றால், யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் ரோடு. சின்னக்கண்ணு வகையறாவுக்குச் சத்தம் போட நேரம் ஏது?

மிச்சம் இருந்தது ஒன்பது நாள். நான் மெதுவாக, "யாசின் மச்சான் உட்கார்ந்து கல்லைப் பார்த்துக் குறிக்கட்டும், நீ வீட்டுல இரு. நான் நேரா ஓட்டிருவேன்" என்றேன்.

"நான்தான் உட்காருவேன். நீங்கதான் ஓட்டுவீங்க. நேரா."

அவள் சொன்ன விதத்தில், இதற்கு மேல் பேசினால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தது.

முதல் நாள் முழுக்க ஓட்டியும் பதினோரு கிலோமீட்டர்தான் தேறியது. என் கை திரும்பும். அவள் "மறுபடியும்" என்பாள். முந்தின கல்லுக்குப் போய் முதலிலிருந்து வர வேண்டும். "டயரை உங்க கல்லூரியா வாங்கித் தரும்?" என்று நான் கத்தினேன். "நீங்க ஒழுங்கா ஓட்டியிருந்தா இந்தத் தொல்லை எதுக்கு?" என்று அவள் கத்தினாள். ரோட்டில் ஆடு மேய்த்தவர்கள் ஆட்டை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நாலாம் நாள் செம்பட்டியில் வேனின் ஷாக் அப்சார்பர் உடைந்தது. மெக்கானிக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்ணே, கண்ணு கிண்ணு தெரியலையா?" என்று கேட்டான். அவன் வேலையை முடிக்கும் வரை ஃபாயிஸா உட்காரவில்லை. பட்டறைக்கு முன்னால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். இந்த நடையை அவள் எப்போது தொடங்கினாள் என்று அப்போதுதான் யோசித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த வாரத்தில்.

ஐந்தாம் நாளிலிருந்து கை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. சின்னக் குழிகளில் நேராக இறக்கினேன். பெரிய குழி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம், சாணார்பட்டி ரோட்டின் எட்டு கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்தது. அதை முடித்தால் மறுநாள் பட்டியல் போய்விடும்.

ஐந்து கிலோமீட்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தோம். சின்னக்கண்ணு தோட்டத்துக்கு எதிரே ஒரு குழி உண்டு. ஓர் ஆட்டுக்குட்டி படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரியது. எனக்கு அது நூறடிக்கு முன்பே தெரியும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி உள்ளே விழுந்து ஏறியது. ஃபாயிஸா சீட்டிலிருந்து எகிறி, தலை கூரையில் இடித்தது. நான் பிரேக்கைப் போட்டுவிட்டேன்.

அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கண் அவள் தலைக்குப் போகவில்லை, வயிற்றுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"உன்னால இல்ல ஃபாயிஸா" என்றேன். "ரோட்டாலயும் இல்ல. டாக்டரம்மா சொன்னது எனக்கு அன்னிக்கே வெளங்குச்சு. அம்மா சொல்லச் சொல்லப் பாதி நம்பிட்டேன். அதான் வாயத் திறக்கல. தப்பு பூராம் என் மேல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தக்காளித் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குள் யாரோ மோட்டார் போட்ட சத்தம் கேட்டது.

"இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா, நான் இம்புட்டு ரோடு அளந்திருக்க மாட்டேங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவள் அழுது நான் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. நானும் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாய்ந்திருந்த போனை நிமிர்த்தி வைத்தாள்.

"வண்டியப் பின்னால எடுங்க. நடுவுல நிறுத்திட்டீங்க, இது கணக்குல சேராது. அந்தக் கல்லுல இருந்து மறுபடியும்."

பின்னால் எடுத்தேன். கல்லிலிருந்து கிளம்பி, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே குழியில் நேராக இறக்கினேன்.