ஆர்டிஸ் சொன்ன வயது

ஆர்டிஸ் ப்ரோவால்ட் வருஷத்தில் ஒன்பது நாள் ஊருக்கே வேண்டப்பட்டவளாக இருந்தாள். மிச்ச நாளெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் துப்பாக்கி வேட்டை தொடங்கியதும், தீவனக் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். சுட்ட மானை அங்கே கொண்டுவந்து பதிந்து, தகடு மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அப்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அதுதான் சட்டம். தகட்டை யார் வேண்டுமானாலும் மாட்டுவார்கள். மானின் வயதைச் சொல்வது மட்டும் ஆர்டிஸ்.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். முழங்கால் வலி தாங்காமல் டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு வெயில் ஊருக்குப் போய்விட்டார். அந்த நவம்பரில் கொட்டகையில் நின்றவர்களுக்குக் காபி கொடுக்கப் போனாள் ஆர்டிஸ். வனவிலங்குத் துறையிலிருந்து வந்திருந்த செபுல்ஸ்கி, ஒரு மானின் வாயைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள் சும்மா இருக்கவில்லை.

"அந்த மூணாவது பல்லு பால்பல்லுதானே? மூணு மேடு இருக்கு. அடியில புதுசு முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க."

செபுல்ஸ்கி டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு அவளிடமிருந்து காபியை வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் போனவள்தான், பன்னிரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். சமையலறை வேலை இருக்கும் நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல், சனி ஞாயிறுகளில் விடிந்ததிலிருந்து.

வேலை பார்ப்பதற்குச் சுலபம்போல இருக்கும். விறைத்துப்போன தாடையை ஒரு இரும்புக் கவையால் நெம்பித் திறக்க வேண்டும். கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப்பல். மூன்றாவது பல் மூன்று மேடாக இருந்தால் குட்டி, அல்லது பல் விழக் காத்திருக்கும் ஒன்றரை வயது. இரண்டு மேடாகிவிட்டால் அதற்கு மேல். அப்புறம் தேய்மானம். பல்லின் வெள்ளை ஓரத்துக்கு நடுவே பழுப்புக் கோடு தெரியும். தேயத் தேய அந்தப் பழுப்பு அகலும். நாலாவது பல்லில் பழுப்பு வெள்ளையைவிட அகலமாகிவிட்டால் மூன்றரை. ஐந்தாவது பல்லுக்கும் அது வந்தால் நாலரை. குட்டிகள் கோடைத் தொடக்கத்தில் பிறப்பதால் எல்லா வயதிலும் ஒரு அரை ஒட்டிக்கொண்டிருக்கும். கொம்பை அவள் பார்ப்பதே இல்லை.

அவள் கொம்பைப் பார்க்காததுதான் வெர்டெல் டஃப்டேக்குப் பொறுக்கவில்லை.

வெர்டெல் அவளுடைய பக்கத்துப் பண்ணைக்காரன், பள்ளியில் ஒரே வகுப்பு. ஒரு கிடாவைப் பற்றி அவன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். தன் சதுப்புக் காட்டில் ஒரு கிழவன் திரிகிறான், ஏழு வருஷமாகத் தண்ணி காட்டுகிறான், மனுஷ புத்தி அதற்கு என்று. சாராயக் கடையில் அந்த மானைத் தெரியாதவர்கள் கிடையாது. தொண்ணூற்று மூன்றாம் வருஷ வேட்டையின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் பிக்கப் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே கொட்டகைக்குள் வந்தது. பின்னால் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கிடா. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் இருபது பேர் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கிடாவுக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லிப் பெட்டை மானும் கிடந்தது. முதுகெலும்பு துருத்தி, முகமெல்லாம் நரைத்து. அதைச் சுட்டவள் வெர்டெலின் மனைவி லவான். முன் இருக்கையில் தெர்மாஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது லவானோடது. ஆட்டுக்குட்டின்னு நெனச்சுடாதீங்க," என்றான் வெர்டெல். சிரித்தார்கள். "முதல்ல கெழவனைப் பாரு ஆர்டிஸ். ஏழுக்குக் கொறைஞ்சு சொன்னே, உன் டார்ச்சுல பேட்டரி இல்லேன்னு அர்த்தம்."

ஆர்டிஸ் தாடையை நெம்பினாள். டார்ச் அடித்தாள். மறுபக்கமும் பார்த்தாள். ஏழு என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, அந்தப் படிவத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்ததாகப் பிற்பாடு அவளே தன் கணவன் ஓரினிடம் சொன்னாள். ஆனால் பல் கண்ணெதிரே கூர்மையாக நின்றது. ஐந்தாவது பல்லில் பழுப்பு இன்னும் நூல் மாதிரிதான் இருந்தது.

"மூணரை," என்றாள்.

வெர்டெல் ஒரு அடி முன்னால் வந்தான்.

"எத்தனை?"

"மூணரை, வெர்டெல். நல்ல கிடா. உன் மக்காச்சோளத்தையும் சோயாவையும் வளைச்சு வளைச்சுத் தின்னிருக்கு, அதான் கொம்பு இப்படி."

"அப்ப ஏழு வருஷமா நான் பார்த்தது அதோட அப்பனா?"

"தாத்தாவா இருக்கும்," என்றான் கூட்டத்தில் ஒருவன். அதற்கு எழுந்த சிரிப்பில்தான் வெர்டெலின் முகம் சிவந்தது.

"பல்லு வெளக்கிவிட்டுக்கிட்டு இருந்தவளுக்கு மானைப் பத்தி என்ன தெரியும்? நீ காட்டுல ஒரு நாள் குந்தியிருப்பியா?"

ஆர்டிஸ் டார்ச்சோடு பெட்டை மானின் பக்கம் போனாள். வாயைத் திறந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். மேடு என்று ஒன்றுமே இல்லை. எல்லாப் பல்லும் ஈறுக்குச் சமமாக, ஆற்றுக் கல் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒரு பல் இருந்த இடத்தில் ஈறுதான் இருந்தது.

"லவான், இறங்கி வா. இங்க வந்து பாரு."

லவான் தெர்மாஸை வைத்துவிட்டு வந்தாள்.

"பன்னெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். இந்த மாதிரி வாயை நான் பார்த்ததில்ல. பத்தரை சொல்றேன். இந்தக் கூட்டத்துல கெழடு இதுதான்."

லவான் அந்த நரைத்த முகத்தைத் தடவிக்கொடுத்தாள். "இந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்குமா?"

"எதை வெச்சு மெல்லும்? தாண்டியிருக்காது."

"அப்ப சரி," என்றாள் லவான்.

வெர்டெல் விடவில்லை. ரெண்டு மானின் பல்லையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு என்று நின்றான். செபுல்ஸ்கியும் அன்று அங்கே இருந்தார். முன்பல்லை மெல்லிசாகச் சீவி, மரத்தில் பார்ப்பதுபோல வளையம் எண்ணுவார்கள், மூன்று நாலு மாதமாகும் என்றார். ரெண்டு மானிலிருந்தும் கீழ் முன்பற்களைப் பிடுங்கிச் சிறு உறைகளில் போட்டு ஒட்டினார்.

அந்தக் குளிர்காலம் ஆர்டிஸுக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போனது. பனி பெய்தால் அவள் வீட்டுப் பாதையிலிருந்து அதை வெர்டெல்தான் டிராக்டரால் தள்ளிவிடுவான். அந்த வருஷமும் தள்ளினான். ஆனால் கை அசைக்கவில்லை. தள்ளிய பனியை எல்லாம் அவளுடைய தபால் பெட்டிக்கு முன்னால் குவித்துவிட்டுப் போனான். ஓரின் மண்வெட்டியோடு போய் அதைத் தோண்டி எடுப்பான்.

"ஏழுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்," என்பான் மூச்சு வாங்க.

"சொல்லியிருந்தா இன்னிக்கு உனக்கு உடற்பயிற்சி ஏது?"

லவான் மட்டும் ஒரு நாள் அந்தப் பெட்டை மானில் செய்த சாசேஜோடு வந்தாள். கிழட்டு இறைச்சி, மெல்ல மெல்லத் தீரவில்லை. இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்து அதைத் தின்று முடித்தார்கள்.

மார்ச் கடைசியில் கடிதம் வந்தது. கிடாவுக்கு மூன்றரை. பெட்டை மானுக்குப் பதினாலரை.

ஆர்டிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். கிடாவில் அவள் ஜெயித்திருந்தாள். பெட்டையில் நாலு வருஷம் தவறவிட்டிருந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு சேற்றுப் பாதையில் வெர்டெல் வீட்டுக்கு நடந்தாள். அவன் கொட்டகை வாசலில் டிராக்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"கடிதம் வந்துச்சா?"

"வந்துச்சு. பெட்டை மான்ல நான் தப்பு வெர்டெல். பத்தரை சொன்னேன், அது பதினாலரை."

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "நாலு வருஷமா? நாலு வருஷம் தப்பா சொன்னியா?"

"நாலு வருஷம்."

வெர்டெல் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "என்னோடது?"

"மூணரை."

"ம்," என்றான். சதுப்புக் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்ப கெழவன் இன்னும் அங்கதான் இருக்கான்."

"இருக்கலாம்."

"இரு, உனக்கு ஒண்ணு காட்டறேன்."

கொட்டகைக்குள் போய் ஒரு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே வெளுத்துப்போன கீழ்த்தாடைகள். இருபத்தாறு வருஷமாகச் சுட்ட ஒவ்வொரு மானின் தாடையையும் சேர்த்து வைத்திருக்கிறான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் வருஷம் மட்டும் எழுதியிருந்தது. கொட்டகையில் சொன்ன வயதை அவன் ஒரு வருஷமும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"இதையெல்லாம் பார்த்துச் சொல்லு. மறைக்காம சொல்லு."

லவானின் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அந்த மதியம் முழுக்க இருவரும் உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் தாடையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வயதைச் சொல்ல, வெர்டெல் எழுதினான். ஒன்றரை. ஒன்றரை. இரண்டரை. ஒன்றரை. வேட்டைக்காரன் என்று பேர் எடுத்தவன் பெரும்பாலும் பொடியன்களைத்தான் சுட்டிருக்கிறான் என்று தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு கதை வைத்திருந்தான். பனிப்புயலில் நாலு மைல் இழுத்து வந்தது, அண்ணனோடு கடைசியாகப் போன வருஷம் சுட்டது. ஆர்டிஸ் அவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

எழுபத்தொன்பதாம் வருஷத்துத் தாடையில் மட்டும் அவள் நிதானித்தாள்.

"இது ஆறரை."

"அதுவா? அது மொட்டைக் கொம்பன். வெக்கப்பட்டுக்கிட்டு, தகடு மாட்டினதும் யாருக்கும் காட்டாம கொண்டுவந்தேன்."

"தேய்மானத்தைப் பாரு."

வெர்டெல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாடையை வாங்கி, பற்களின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தான்.

"எலும்பையெல்லாம் எடுத்து வைங்க," என்றாள் அடுப்புப் பக்கத்திலிருந்து லவான். "சாப்பாட்டைத் தரையிலயா வைக்கறது? ஆர்டிஸ், நீயும் சாப்பிட்டுட்டுப் போ, ஓரினையும் போன் பண்ணிக் கூப்பிடு."