கேட்டுக்குள் நான் மிஸ்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அதே நாளில் அதே பள்ளியில் நானும் ஆசிரியையாகச் சேர்ந்தேன். நாவலூரிலிருந்து சேலையூருக்கு அப்போதுதான் வீடு மாற்றியிருந்தோம். அவளுக்கு அங்கே ஒரு முகமும் தெரியாது. அம்மா அதே கட்டடத்தில் இருக்கும்போது குழந்தைக்கு என்ன பயம் என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலையில் சேரும்போதே பிரின்சிபால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். பள்ளி கேட்டுக்குள் வந்துவிட்டால் நான் அவளுக்கு அம்மா இல்லை, மிஸ். மற்ற பெற்றோர் குறை சொல்லும்படி எதுவும் நடக்கக் கூடாது. முதல் நாள் காலை ஸ்கூட்டியில் போகும்போது இதை அவளிடம் சொன்னேன். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவள் சரி என்றாள்.

முதல் வாரம் முழுக்கக் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுதாள். இட்லியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று அவளை வண்டியில் ஏற்றினேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் நான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். என் பாடத்தைக் கவனிக்க மேற்பார்வை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாசலில் என் மகள் வந்து நின்றாள். கால்களை இறுக்கி வைத்துக்கொண்டு, "அம்மா, பாத்ரூம்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"உங்க மிஸ்கிட்ட போய்க் கேளு" என்றேன். அடுத்தவர் பிள்ளைகளிடம் பேசும் குரலில் சொன்னேன். அவள் திரும்பிப் போனாள். மாடிப்படியிலேயே பாவாடை நனைந்துவிட்டது.

மணி அடித்ததும் இறங்கி ஓடினேன். பள்ளி ஆயா குழாயடியில் பாவாடையை அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு என் மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பாப்பா ரொம்ப பயந்துகினு கீது மிஸ். கொஞ்சம் தூக்கி வச்சுக்கங்க" என்றார் ஆயா.

எதிரே பிரின்சிபால் ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்தது. அடுத்த பீரியட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடியேறினேன். பீரியட் இருந்தது உண்மைதான். அதற்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்ததும் உண்மை.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. வயிற்று வலியும் நின்றுவிட்டது. பழகிவிட்டாள் என்று கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். தண்ணீர் பாட்டில் மட்டும் நிரம்பியபடியே வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் அதட்டினேன். மறுநாளிலிருந்து காலியாக வந்தது.

ஒரு மாதம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கேம்ப் ரோட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிறுநீரில் தொற்று என்றார். தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டதற்கு, பாட்டில் முழுக்கக் குடித்துவிடுகிறாள் என்று நான் பதில் சொன்னேன். டாக்டர் அவளிடமே கேட்டார்.

"செடிக்கு ஊத்திடுவேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டார்.

"குடிச்சா பாத்ரூம் வரும். வந்தா கேக்கணும்."

"அதே ஸ்கூல்லதானே அம்மா இருக்காங்க? அவங்ககிட்ட கேக்கலாமே."

"ஸ்கூல்ல அவங்க அம்மா இல்ல" என்றாள். புகார் சொல்வதுபோல் இல்லை. டாக்டருக்குத் தெரியாத ஒன்றை எடுத்துச் சொல்வதுபோல் இருந்தது. டாக்டர் என் பக்கம் பார்க்காமல் மருந்து எழுதினார்.

மறுநாள் பிரின்சிபாலிடம் போனேன். ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் கேட்காமலேயே ஆயா கூட்டிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தாராளமாக, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடைபாதையில் போவதை மேலிருந்து பார்ப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். என்னைத் தாண்டிப் போகும்போது மற்ற பிள்ளைகளைப் போலவே "குட் மார்னிங் மிஸ்" என்பாள். அந்த வருஷம் முடிந்ததும் நான் தாம்பரத்தில் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன்.

இப்போது அவள் நான்காம் வகுப்பு. தோழிகள் இருக்கிறார்கள், நன்றாகப் படிக்கிறாள். ஒருமுறை அந்த நாளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள். நோட்டு வேண்டுமென்றாலும் தலை வலித்தாலும் அவள் அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து அவரிடம்தான் சொல்கிறாள். நான் பக்கத்திலேயே இருப்பேன்.