கத்தரிக்கோலோடு நின்ற பின்னேரம்

எதற்கும் நேரம் குறித்து வைப்பது என் வழக்கம். போன ஆடியில் தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து ஆட, எங்கள் ஊரான இணுவிலில், கம்பத்தில் கட்டிய கயிறுகளைப் பின்னியபடி ஆடும் பின்னல் கோலாட்டம் ஒன்றை ஒழுங்கு செய்தேன். ஐந்து மணிக்குத் தொடக்கம்; முதலில் என் முக்கால் மணி நேர வரலாற்று உரை, பிறகு ஆட்டம்.

அன்று மூன்று மணிக்கு நடந்த ஒத்திகையில், நான் சொன்ன திசைக்கு எங்கள் பிள்ளைகள் சுற்ற, வந்தவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி எதிர்த்திசையில் சுற்றினார்கள். கம்பத்தில் கட்டிய பன்னிரண்டு கயிறுகளும் ஒரே சிக்கலாகிவிட்டன.

“எத்தனை தரம் சொன்னனான்? ஆட்டம் வேண்டாம், பேச்சு மட்டும் போதும்” என்று கயிறுகளை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தேன்.

குருநகர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி குறுக்கே வந்தாள். “வலை சிக்கினால் நாங்கள் வெட்டிறேல்லை, ஐயா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

அதற்குள் தெற்குக் கடற்கரைப் பெடியன் ஒருவன் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நிலத்தில் குந்தி, வலைச் சிக்கெடுப்பவர்களைப் போலக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி முடிச்சைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

“உவனும் எங்கடை ஆள்தான்” என்று சிரித்தபடி அவள் எதிரே குந்தித் தன் பெருவிரலையும் கொடுத்தாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவர்கள் கைகாட்டிய பக்கமெல்லாம் மற்றப் பிள்ளைகள் கயிற்றோடு நகர்ந்தார்கள்.

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது ஐந்து இருபது. பெற்றோர் வந்து காத்திருந்ததால் நேரே ஆட்டம்தான். திசையை அந்த இருவரும் தீர்மானித்தார்கள். என் உரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எரிச்சலோடு வீடு திரும்பிக் குறிப்பேட்டில் இருபது நிமிடத் தாமதத்தை எழுதினேன். வந்த பிள்ளைகளிடம், “நீங்கள் எப்படிச் சுற்றுவீர்கள்?” என்று நான் கேட்டதேயில்லை. அந்தக் காரணத்தை அன்று எழுத மனம் வரவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.