நான்காம் மாடி ஆயா

பதினெட்டு வருடமாக அவள் அந்த ஆஸ்பத்திரியில் ஆயா. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பாள். அவள் கை பட்டவர்களுக்குப் படுக்கைப்புண் வந்ததே இல்லை. அதனால் தனியறைகள் உள்ள நான்காம் மாடியை விட்டு அவளை நகர்த்த மாட்டார்கள்.

அவள் கணவர் பக்கவாதம் வந்து அங்கேயே கீழே ஆண்கள் பொது வார்டில் சேர்ந்தார். அங்கே நாற்பது பேருக்கு ஒரே ஆயா.

"ரெண்டு வாரம் என்னைக் கீழ போடுங்க சார்," என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினாள்.

"மேல தனியறையில இருக்கறவங்க சும்மா விடுவாங்களா? சாப்பாட்டு நேரத்துல போய்ப் பாத்துக்கோ."

சாப்பிடாமல் ஓடினாள். ஒரு தடவை புரட்டிவிட்டு மாடியேறினாள். வேலை முடிந்து இறங்கும்போது இரவாகிவிடும்; அந்த நேரத்தில் ஆண்கள் வார்டுக்குள் பார்க்க வரும் பெண்களை விடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆறாம் நாள் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து சதை தெரிந்தது. மூன்றாம் வாரம் புண் சீழ்பிடித்து, அவர் போய்ச் சேர்ந்தார்.

நான்கு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். ஏழாம் அறைப் பெரியவரின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லாம அப்பா முதுகெல்லாம் செவந்துபோச்சும்மா. இனிமே லீவே போடாதீங்க."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பெரியவரைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். அவர் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.